5 கிலோ பை: வாசகர் கேள்விகளும் கம்பவுண்டர் பதில்களும்

தெற்கு சூடானின் ஜூபா நகரில் 2016 ஜூலையில் சண்டை மூண்டபோது விமானப்படை விமானத்தில் ஊர் வந்து சேர்ந்த கதையைப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் வந்துவிட்டது. முக்கால்வாசி நம்ம வடசென்னைப் பேட்டைக் கடிதங்கள். காசிமேடு, எர்ணாவூர், வியாசர்பாடி என்று இத்தனை வீடுகளில் யாரோ ஒருவர் சண்டை நடக்கும் ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கே புதுசு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஆண் நர்ஸ். பழைய வண்ணாரப்பேட்டையில் 'கம்பவுண்டர்' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். பஸ்ராவில் ஒரு கேம்ப் கிளினிக்கில் மூன்று வருடம், ஜூபாவில் ஒன்றரை வருடம், நடுவில் கொஞ்ச நாள் கப்பல். ஊசி, மாத்திரை பற்றி நான் எழுதுவதை உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வயது 38, வெல்டர். ஈராக்கில் பஸ்ரா எண்ணெய் வயலில் வேலை என்று மண்ணடி ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். 1,20,000 ரூபாய் கேட்கிறார். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். எனக்கு சுகர் உண்டு, மாத்திரையில் இருக்கிறேன். உடம்புக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் அண்ணே?
– எர்ணாவூர் வாசகர்

தம்பி, நீங்கள் கேட்டது உடம்பை. எனக்கு உறுத்துவது அந்த விசிட் விசா. முதலில் அதை முடிப்போம், ஏனென்றால் உடம்பும் அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

விசிட் விசாவில் போனவருக்கு அங்கே முதலாளி என்று யாரும் கிடையாது. முதலாளி இல்லாதவர் பெயர் கேம்ப் கிளினிக் லிஸ்டில் இருக்காது. பஸ்ராவில் அப்படி ஒரு ஆந்திராக்காரர் என் கிளினிக்குக்கு வந்தார், முழங்கைவரை தார் கொட்டிய புண்ணோடு. லிஸ்டில் இல்லை என்று காவலாளி உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு காலி டிரம் மேல் உட்காரவைத்துக் கட்டுப்போட்டேன். மறுநாள் கட்டு மாற்ற வரச் சொன்னேன். வரவில்லை. எங்கே போனார் என்று இன்றுவரை தெரியாது.

நீங்கள் பத்தாவது முடிக்காதவர் என்றால் உங்கள் பாஸ்போர்ட் இ.சி.ஆர். (குடியேற்ற அனுமதி தேவை) வகையாக இருக்கும். அந்த வகைக்காரர்கள் வேலைக்குப் போகுமுன் இந்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய நாடுகள் 18. அதில் ஈராக்கும் ஒன்று. அனுமதி வாங்குவது இ-மைகிரேட் இணையதளம் வழியாக. அப்படிப் போகிறவருக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் கூடவே வரும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் சட்டத்துக்கு வெளியே. பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியல் அதே இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் ஆள் பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அந்த 1,20,000-ல் எர்ணாவூரிலேயே சொந்தமாக வெல்டிங் செட் போட்டுவிடலாம்.

சரி, முறையாகவே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மணலியில் மே மாத வெயிலில் நின்றவன் என்று மார் தட்டாதீர்கள். பஸ்ராவில் கோடையில் 50 டிகிரி சாதாரணம். 2016 ஜூலையில் 53-ஐயும் தாண்டியது. மணலியில் வியர்வை வழிந்து சட்டை ஒட்டும், உடம்பு தண்ணீர் இழப்பது தெரியும். பஸ்ராவில் வடமேற்குக் காற்று அடிக்கும் நாளில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். எங்கள் கழிவறைச் சுவரில் சிறுநீர் நிறம் காட்டும் அட்டை ஒன்று ஒட்டியிருந்தோம். டீ நிறத்துக்கு வந்துவிட்டவரை அன்றைக்கு வேலைக்கு விடமாட்டோம். கூட வேலை செய்கிறவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தடுமாறுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் சூப்பர்வைசரைத் தேடி ஓடாதீர்கள். நிழலுக்கு இழுத்து, துணியைத் தளர்த்தி, தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். அக்குளில் ஐஸ் வையுங்கள். ஆள் அனுப்பி டாக்டரைக் கூப்பிடுவது அதோடு சேர்த்து நடக்கட்டும்.

சுகர் மாத்திரை மூன்று மாதத்துக்கு வாங்குங்கள். பாதி கைப்பையில், பாதி பெட்டியில். அட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்ட வேண்டாம், அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் போக வேண்டும். சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, மருந்தின் பெயர் வேண்டும். அங்கே நம் கம்பெனிப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது. வாந்தி பேதியாகிச் சாப்பிட முடியாத நாளில் மாத்திரையைப் போடுவதா, நிறுத்துவதா என்று இங்கேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுகர் இறங்கினால் வாயில் போட குளுக்கோஸ் பாக்கெட் சட்டைப் பையில் இருக்கட்டும். ஒரு திருவொற்றியூர் பையன் கடலைமிட்டாய் வைத்திருந்தான். ருசி சரி, ரத்தத்தில் ஏற நேரமாகும்.

குழாய்த் தண்ணீரில் பல்கூடத் துலக்காதீர்கள். 2018 கோடையில் பஸ்ராவில் தண்ணீர் கெட்டு 1,18,000 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அது குண்டு விழுந்த வருடம்கூட இல்லை.

அப்புறம் கசகசா. சிரிக்காதீர்கள். அம்மா அரைத்துக் கொடுக்கும் மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். துபாய் வழியாகப் போகிறீர்கள் என்றால் அங்கே அது போதைப்பொருள் கணக்கு. இடுப்புவலிக்கு இங்கே எழுதித் தரும் டிரமடால், கோடின் கலந்த இருமல் சிரப், இவையும் அப்படியே. தேவையில்லாவிட்டால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாகப் பல். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிளம்புமுன் ஒரு காலையை அங்கே செலவழியுங்கள். பஸ்ராவில் கடவாய்ப் பல் வீங்கி, ரோடு மூடியிருந்ததால் ஐந்து நாள் சுவரில் முட்டிக்கொண்ட ஒரு கிரேன் ஆபரேட்டரை நான் மறக்கவில்லை.

குண்டில் சாகிறவர்கள் அதிகமா, கொசுவிலா?
– கொடுங்கையூர் வாசகர்

எது கொன்றது என்று நான் கணக்கு வைத்ததில்லை. என் கிளினிக் ரிஜிஸ்டரில் எது அதிகம் என்று கேட்டால் சொல்வேன். பேதி, காய்ச்சல், வெயில், பல், முதுகு, அப்புறம் ரோட்டு விபத்து. குண்டுக் காயம் வந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கட்டுப்பாடு இல்லாத ஊரில் லாரிகள் ஓடும் ஓட்டத்தைப் பார்த்தால் நம்ம எண்ணூர் விரைவுச் சாலை கோயில் பிரகாரம் மாதிரித் தெரியும். பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள். ராத்திரிப் பயணம் வேண்டாம்.

என் மகள் நர்ஸ். ஒரு தொண்டு நிறுவனம் மூலம் தெற்கு சூடானுக்குப் போகிறாள். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. என்னென்ன ஊசி போட வேண்டும்? அவளைத் தடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும் ஐயா.
– திருவொற்றியூர் வாசகி

அம்மா, எட்டு வாரம் முன்னால் கேட்டீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. என்னிடம் வருகிறவர்கள் விமானத்துக்கு மூன்று நாள் முன்னால் மூச்சிரைக்க வந்து நிற்பார்கள்.

முதலில் மஞ்சள் காய்ச்சல் ஊசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். உங்களுக்குப் பக்கம் ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகம். ஒரு குப்பியைத் திறந்தால் 6 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டிய மருந்து. அதனால் ஆள் சேர்த்து, நாள் குறித்துப் போடுவார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016-லிருந்து அது ஆயுளுக்கும் செல்லும். முட்டை ஒவ்வாமை இருந்தால், கர்ப்பமாக இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். அந்த மஞ்சள் புத்தகத்தை பாஸ்போர்ட்டோடு ரப்பர் பேண்ட் போட்டு வைக்கட்டும். அது தொலைந்துபோய் ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே இறங்கினால் 6 நாள்வரை தனிமைப்படுத்தி உட்கார வைத்துவிடுவார்கள். பெற்ற அம்மா வாசலில் நின்றாலும் விடமாட்டார்கள்.

சில நாடுகளுக்குப் பெரியவர்களுக்கும் போலியோ சொட்டு மருந்துச் சான்று வேண்டும், 4 வாரம் முன்னால் போட்டிருக்க வேண்டும். நாடுகளின் பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் அதே துறைமுக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ, பி இரண்டும், டெட்டனஸ், மூளைக்காய்ச்சல், நாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசி, இவற்றை டாக்டரோடு உட்கார்ந்து நாள் பிரித்துக்கொள்ளட்டும். நர்ஸ் என்பதால் பி வகைக்கு ஊசி ஏற்கெனவே போட்டிருப்பாள். எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தம் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம். நம் ஆட்கள் பார்ப்பதில்லை.

காலராவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஜூபாவில் நைல் நதித் தண்ணீரை லாரியில் மொண்டு வந்து வீட்டு வாசல் டிரம்மில் ஊற்றுவார்கள். தண்டையார்பேட்டையில் பிளாஸ்டிக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்காகக் காத்திருந்து வளர்ந்தவன் நான். முதல் நாள் அந்த லாரியைப் பார்த்ததும் ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்தப் பாசத்தில் ஒரு தம்ளர் குடித்துவிட்டேன். மூன்று நாள் படுக்கை. அந்த ஊரில் 2014, 2015, 2016 என்று வரிசையாக மூன்று வருடம் காலரா வந்தது. வாய்வழிக் காலரா மருந்து இரண்டு வேளை, இரண்டு வார இடைவெளியில், இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பித் தண்ணீரில் அலட்சியம் கூடாது. கலங்கல் தண்ணீரை முதலில் துணியில் வடிகட்ட வேண்டும். பிறகு தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் ஆக வேண்டும். விறகோ கேஸோ இல்லாத நாளுக்கு, இங்கே வெள்ளக் காலத்தில் மாநகராட்சி கொடுக்குமே, அந்தக் குளோரின் மாத்திரை. போட்டு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இருபதாவது கொடுத்தனுப்புங்கள். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூன் அளவில் சர்க்கரை 6, உப்பு அரை. உப்பு கூடிவிட்டால் ஆபத்து, கண்மதிப்பு வேண்டாம்.

மலேரியாவில் ஒரு வேடிக்கை உண்டு. நம் சென்னையில் மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் குடித்தனம் நடத்தி மலேரியா பரப்புவது அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு. அது 2012-ல் ஜிபூட்டியில் முளைத்தது. 2016-ல் எத்தியோப்பியாவிலும் சூடானிலும் தென்பட்டது. ஏஜென்ட் இல்லாமல், விசா இல்லாமல் போன நம்ம ஊர் ஆசாமி. ஆனால் தெற்கு சூடானில் பரவும் மலேரியா பெரும்பாலும் நமக்குப் பழக்கமான வைவாக்ஸ் வகை இல்லை, ஃபால்சிபேரம். இரண்டே நாளில் மூளைக்கு ஏறிவிடக்கூடியது. கொசுவலை, முழுக்கைச் சட்டை இரண்டோடும் தடுப்பு மாத்திரையும் வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் தினம் ஒன்று, ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம். அந்த 4 வாரத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். நானும் விட்டேன். வீட்டுக்கு வந்ததும் இனி என்ன என்று அட்டையைத் தூக்கிப் போட்டேன். மூன்றாவது வாரம் குளிர் ஜுரம். தெருமுனைக் கிளினிக்கில் வைரல் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவன் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மறுநாள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ரத்தத் தடவல் பார்த்ததும் ஃபால்சிபேரம். இருபத்தைந்து வருடம் நர்ஸாக இருந்தவன் செய்த காரியம் இது. உங்கள் மகள் திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்குமுன் 'தெற்கு சூடானில் இருந்தேன்' என்று சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் ஆயிலர். அடுத்த மாதம் செங்கடல் வழியாகப் போகும் என்கிறார்கள். போகமாட்டேன் என்று சொன்னால் வேலை போய்விடுமா? இந்தப் பயத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.
– புது வண்ணாரப்பேட்டை வாசகி

தாயி, பயம் நியாயமானதுதான். 2023 நவம்பரிலிருந்து அந்தக் கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சிக்காரர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். 2024 மார்ச் 6-ஆம் தேதி 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' கப்பலில் ஏவுகணை விழுந்து மூன்று மாலுமிகள் இறந்தார்கள். நம் கடற்படையின் ஐ.என்.எஸ். கொல்கத்தா போய் 21 பேரைக் காப்பாற்றி ஜிபூட்டியில் சேர்த்தது.

வேலை விஷயம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஐ.பி.எஃப். ஒப்பந்தம் (சர்வதேச மாலுமி யூனியன்களும் கப்பல் முதலாளிகளும் பேசி முடித்தது) உள்ள கப்பல் என்றால், போர்ப் பகுதி என்று அறிவித்த இடத்துக்குள் போகமாட்டேன் என்று சொல்லும் உரிமை மாலுமிக்கு உண்டு. கம்பெனி செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். போனால் அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் அளவுக்குக் கூடுதல் தொகை, உயிர் போனாலோ ஊனமானாலோ இழப்பீடு இரட்டிப்பு. உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டது அந்த ஒப்பந்தமா என்பதை இன்றைக்கே போனில் கேளுங்கள். யூனியன்காரர்கள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அனுப்பிய கம்பெனிக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம், அதாவது மாலுமிகளை வேலைக்கு அனுப்ப அரசு தரும் உரிமம், இருக்கிறதா என்பதையும் பாருங்கள். போகமறுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லாவிட்டால் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

உடம்புக்கு ஒன்று. சரக்குக் கப்பலில் டாக்டர் கிடையாது. மருந்துப் பெட்டிச் சாவி பெரும்பாலும் செகண்ட் ஆபீசர் கையில் இருக்கும். ரோமில் சி.ஐ.ஆர்.எம். என்று ஒரு மையம், 1935-லிருந்து நடுக்கடல் கப்பல்களுக்கு இலவசமாக மருத்துவ ஆலோசனை சொல்கிறது. நான் கப்பலில் இருந்தபோது ஒரு குடல்வால் வலியை அவர்களிடம் கேட்டுத்தான் துறைமுகம்வரை ஓட்டினோம். கப்பல் செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றினால் பயணம் 10 நாளுக்கு மேல் நீளும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அந்தக் கணக்கையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.

கப்பல் எங்கே போகிறது என்று ஸ்டேட்டஸ் போடாதீர்கள். சாப்பிடுங்கள்.

இஸ்ரேலில் கம்பி கட்டும் வேலை கிடைத்திருக்கிறது. சைரன் அடித்தால் என்ன செய்வது? வீடியோ எடுக்கலாமா? (கூட்டாளி ஒருத்தன் எடுத்து நல்லா பேரு வாங்கிட்டான்.)
– வியாசர்பாடி வாசகர்

உன் கூட்டாளிக்குக் கிடைத்தது பெயரில்லை தம்பி, அதிர்ஷ்டம். 2024 மார்ச்சில் லெபனான் எல்லையோரத் தோட்டத்தில் வேலை செய்த கேரளத்துக்காரர் ஒருவர் ஏவுகணையில் இறந்தார்.

அந்த நாட்டில் ஒரு வசதி, 1990-களுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் 'மமாட்' என்று கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் போட்ட ஓர் அறை இருக்கும். ஒதுங்கக் கிடைக்கும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். காஸாவை ஒட்டிய பகுதியில் 15 விநாடி, டெல் அவிவ் பக்கம் 90 விநாடி. நீ வேலை செய்யப் போவதோ பாதி கட்டிய கட்டடம், அங்கே மமாட் எங்கிருந்து வரும்? எங்கே ஓடுவது என்பதை முதல் நாள் காலை மேஸ்திரியிடம் கேள். கேட்டுவிட்டு ஒரு முறை ஓடியும் பார், எத்தனை விநாடி ஆகிறது என்று. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஓட நேரமில்லை என்றால் குப்புறப் படுத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொள்.

சைரனே இல்லாத ஊர்களும் உண்டு. ஜூபாவில் எங்களுக்கு எச்சரிக்கை என்றால் நாய்கள் ஓடுவதுதான். அங்கே நான் கற்றது, வெளிச்சுவருக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு சுவராவது இருக்க வேண்டும். ஜன்னல் இல்லாத நடைபாதை, குளியலறை, இவை நல்லது. ஜன்னலோரம் கூடாது, கண்ணாடிதான் முதலில் வரும். வெடித்த பிறகு வேடிக்கை பார்க்கப் போகாதே. கூட்டம் கூடும் இடத்தில் இரண்டாவது வெடிக்கும் வழக்கம் உண்டு. யாருக்காவது ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து உன் முழு எடையோடு அழுத்திக்கொண்டே இரு. நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதே.

வீடியோவுக்கு வருகிறேன். சோதனைச் சாவடி, சிப்பாய், பாலம், துறைமுகம், குண்டு விழுந்த இடம் எதையும் எடுக்காதே. சாவடி வந்தால் போன் மடியில்கூட இருக்கக் கூடாது. ராத்திரி என்றால் வண்டிக்குள் விளக்கைப் போடு, முன்விளக்கைத் தாழ்த்து, கைகள் தெரியட்டும். காவல்காரன் பதினெட்டு வயசுப் பையனாக, உன்னைவிடப் பயந்துபோய் நிற்பான். திடீரென்று கையைப் பைக்குள் விடாதே.

ரஷ்யாவில் 'செக்யூரிட்டி ஹெல்பர்' வேலை, மாதம் இரண்டு லட்சம் என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், மூலக்கொத்தளம்

வேண்டாம். ஹெல்பர் வேலை என்று கூட்டிப்போய்ச் சீருடை மாட்டி உக்ரைன் போர்முனைக்கு அனுப்பிய ஏஜென்ட் கும்பலை 2024 மார்ச்சில் சி.பி.ஐ. பிடித்தது. இறந்த இந்தியர்கள் உண்டு. ஏமன் வேலை என்று யாராவது வந்தாலும் இதே பதில்தான், அங்கே போக 2017-லிருந்து நம் அரசின் தடை இருக்கிறது. சந்தேகம் இருந்தால் வெளியுறவுத் துறையின் 1800 113 090 எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள், காசு கிடையாது.

வருகிற மாசி மாதம் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அங்கே இன்னும் கண்ணிவெடி இருக்கிறது என்று பேரன் பயமுறுத்துகிறான்.
– கும்மிடிப்பூண்டி வாசகி

போய் வாருங்கள் பாட்டி. போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனால் பேரன் சொல்வதும் பொய்யில்லை. முகமாலைப் பக்கமெல்லாம் அதற்குப் பல வருடம் பிறகும் மிதிவெடி அகற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். நீங்கள் போகும் ரோட்டுக்கும் வீட்டுக்கும் பயமில்லை. காடு மண்டிய காணிக்குள் ஒதுங்குவதற்குக்கூட இறங்காதீர்கள், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் கிட்டவே போக வேண்டாம். பழைய இரும்பு கிடந்தால் எடைக்குப் போடலாம் என்று எடுக்காதீர்கள். வடசென்னைக் கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும்.

விமானப்படை விமானத்தில் 5 கிலோ மட்டும்தான் அனுமதித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த 5 கிலோவில் என்ன வைத்தீர்கள்?
– ராயபுரம், காசிமேடு, பெரம்பூரிலிருந்து பலர்

இதைத்தான் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தூதரகம் சொன்னது இவ்வளவு: செல்லுபடியாகும் இந்தியப் பயண ஆவணம் வேண்டும், கையில் 5 கிலோ, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முன்னுரிமை. 'சங்கட் மோசன்' என்று பெயர் வைத்து இரண்டு பெரிய சி-17 விமானங்களை அனுப்பினார்கள். நான் என்ன எடுத்தேன் தெரியுமா? மகளுக்கு வாங்கி வைத்திருந்த கருங்காலி மர யானை ஒன்று. அதுவே இரண்டரை கிலோ. அப்புறம் ஒரு லுங்கி, சார்ஜர், பாதி பாக்கெட் பிஸ்கட். என் சான்றிதழ்கள், பிரஷர் மாத்திரை, இரண்டாவது கண்ணாடி எல்லாம் அறையிலேயே தங்கிவிட்டன. நர்ஸிங் கவுன்சிலில் நகல் வாங்க நான் அலைந்த அலைச்சலை யானை அலமாரி மேல் நின்று வேடிக்கை பார்த்தது.

அதனால் நான் செய்ததை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். ஊர் போய்ச் சேர்ந்த முதல் வாரமே, அமைதியாக இருக்கும்போதே, ஒரு தோள்பை கட்டி கதவுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், சான்றிதழ்கள் இவற்றின் நகல் பிளாஸ்டிக் உறையில். அசல் கம்பெனி வாங்கி வைத்திருந்தால் யாரிடம் இருக்கிறது, சாவி யாரிடம் என்பதை எழுதி வையுங்கள். இரண்டு வார மாத்திரை. கண்ணாடி. டார்ச், பவர் பேங்க். பர்மா பஜாரில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் இங்கேயே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். சிறு நோட்டுகளாக டாலர், நெட்வொர்க் போகிற நாளில் ஏடிஎம்மும் போய்விடும். ரத்த வகையும் வீட்டு போன் நம்பரும் எழுதிய அட்டை. மொபைலை நம்பி நம்பர் மனப்பாடம் இல்லாமல் இருக்கிறோம் பாருங்கள், ஜூபாவில் போன் செத்தபோது எனக்கு என் மனைவி நம்பர் தெரியவில்லை. கல்மண்டபத்தில் முப்பது வருடம் முன்னால் இருந்த லேண்ட்லைன் நம்பர்தான் ஞாபகம் வந்தது.

போன உடனே இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். சண்டை வந்தால் அவர்கள் லிஸ்டைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். கையிலிருக்கும் பயணக் காப்பீட்டையும் ஒரு முறை படியுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் போரால் வரும் சேதத்துக்குப் பணம் இல்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும்.

விமானம் வந்த அன்றைக்கு ஏறாமல் தங்கிவிட்டவர்களும் நிறைய இருந்தார்கள். கடை வைத்திருந்தவர்கள், சம்பள பாக்கி வர வேண்டியவர்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எனக்கும் மூன்று மாதச் சம்பளம் வர வேண்டியிருந்தது. இன்னும் வரவில்லை.

அப்பா சூடானில் கார்ட்டூம் நகரில் வேலை பார்த்தவர். 2023-ல் 'ஆபரேஷன் காவேரி'யில் போர்ட் சூடானிலிருந்து கடற்படைக் கப்பலில் ஜித்தா வந்து ஊர் திரும்பினார். உடம்பில் ஒரு காயமில்லை. ஆனால் தூங்குவதில்லை. தீபாவளிக்குக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா நடிப்பு என்கிறாள். என்ன செய்வது அங்கிள்?
– கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

நடிப்பில்லை மகளே. அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

நான் திரும்பி வந்த மறுமாதம், ஆகஸ்டில், எங்கள் தெருவில் ஒரு சாவு. நம்ம பக்கம் சாவு என்றால் தெரியுமே, தாரை தப்பட்டை, பூ, கூடவே சரவெடி. சாயங்காலம் ஊர்வலம் வீட்டைத் தாண்டும்போது வெடித்தார்கள். எனக்கு நினைவு வந்தபோது கட்டிலுக்கு அடியில் இருந்தேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வெளியே வந்து செருப்பைத் தேடினேன் என்று சொன்னேன்.

ஜூபாவில் அந்த நாலு நாள் சண்டையில் நான் பயந்ததாக எனக்கே ஞாபகமில்லை. கை நடுங்காமல் தையல் போட்டேன். ஊருக்கு வந்து, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு, எல்லாம் சரியான பிறகுதான் உடம்பு அந்தக் கணக்கைத் தீர்க்க ஆரம்பித்தது. சிலருக்கு ஓரிரு மாதத்தில் தானே அடங்கும். உன் அப்பாவுக்கு அடங்கவில்லை என்றால் டாக்டர் வேண்டும். ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் வெளிநோயாளியாகப் பார்க்கலாம். ஆஸ்பத்திரி என்றதும் அப்பா முரண்டு பிடித்தால் முதலில் 14416-க்குப் போன் போடச் சொல். டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசுவார்கள். ஆள் யாரென்று தெரியாதவரிடம் பேசுவது எங்கள் தலைமுறை ஆம்பளைகளுக்குச் சுலபம். தூக்கத்துக்குக் குடி ஆரம்பித்திருந்தால் மட்டும் தள்ளிப்போடாதே, அந்த வாரமே கூட்டிப்போ.

'என்ன நடந்தது, சொல்லுங்கள்' என்று தோண்டாதே. அவராகச் சொன்னால் கேள். என் வீட்டில் பேச்சே கிடையாது. இப்போதும் தெருமுனையில் தப்பட்டைச் சத்தம் கேட்டால், என் மனைவி அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து, தெருப்பக்க ஜன்னலைச் சாத்தி, டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு, 'இஞ்சி டீயா, சும்மா டீயா?' என்று கேட்பாள்.